லீக் ஃபைனலுக்கு க்ரோக் பார்க் எதற்கு?

கேள்வி: 30 மார்ச் 2025

கேலிக் கால்பந்து தேசிய லீக் ஃபைனல் இன்று பார்த்தேன். கெர்ரியும் மேயோவும். ஆட்டம் சரிதான், ஆனால் கேமரா மேலே போனபோதெல்லாம் காலி நாற்காலிகள்தான் கண்ணில் பட்டன. கீழ் டிவிஷன் ஃபைனல்களின் படங்களில் இன்னும் மோசம். நாலு டிவிஷன் ஃபைனலையும் டப்ளினுக்கே இழுத்து வந்து 82,300 பேர் கொள்ளும் க்ரோக் பார்க்கில் நடத்த என்ன கட்டாயம்? அயர்லாந்தில் வேறு மைதானம் இல்லையா? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

31 மார்ச் 2025

மைதானத்துக்கா பஞ்சம்? கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஒன்றாவது இருக்கிறது. நான் இருப்பது கில்டேர் கவுண்டியில், நேஸ் என்ற ஊரில். மூன்றாம் டிவிஷன் ஃபைனல் கில்டேருக்கும் ஆஃபலிக்கும். மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலிலும் உதைக்கலாம். H வடிவக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட், கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று பாயிண்ட். இந்த ஆண்டு வந்த புது விதிப்படி 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே உதைத்தால் இரண்டு. கவுண்டிக்கு ஆடுபவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் ஆடிய ஆள் திங்கட்கிழமை பள்ளியில் பாடம் எடுப்பார், மாட்டுக்குத் தீவனம் வைப்பார். பெரும்பாலும் பிறந்து வளர்ந்த கவுண்டிக்குத்தான் ஆடுவார்கள், விலைக்கு வாங்கும் வழக்கம் இல்லை. அதனால்தான் எந்த ஊரில் ஃபைனல் என்பது இங்கே வெறும் ஏற்பாட்டு விஷயமாக நிற்பதில்லை. ஊர் மானப் பிரச்சினை ஆகிவிடும்.

சரி, ஃபைனலுக்கு வருவோம். மேல் அடுக்கு பூட்டிக் கிடந்தது. கோல்கீப்பர் தன் ஆட்களைத் திட்டுவது எங்கள் வரிசைக்குத் தெளிவாகக் கேட்டது. மகள் இரண்டு புதுக் கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டாள். கில்டேரும் ஆஃபலியும் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் கவுண்டிகள். இரண்டுக்கும் பக்கத்திலேயே போர்ட்லீஷில் நல்ல மைதானம் இருக்கிறது. அங்கே வைத்திருந்தால் நெரிசலில் நின்று பார்த்திருப்போம். இரண்டு அணியும் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறுவது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. ஃபைனலில் மிச்சமிருந்தது கோப்பை ஒன்றுதான். அப்படிப்பட்ட ஆட்டத்துக்குக் கூட்டத்தின் சூடாவது வேண்டாமா?

ஆகவே கேள்வி கேட்டவர் கட்சிதான் நான். சிறிய ஃபைனல் சிறிய மைதானத்தில்.

இதில் எனக்குச் சுயநலம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: நேஸிலிருந்து போர்ட்லீஷைவிட டப்ளின்தான் கிட்ட.

1 ஏப்ரல் 2025

‘இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்’ என்று கேட்டவருக்கு: ஜி.ஏ.ஏ. என்ற சங்கம். 1884-இல் டிப்பரெரியின் தர்ல்ஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. க்ரோக் பார்க் 1913 முதல் அவர்களுக்கே சொந்தம். தேசியப் போட்டிகளின் நாள், நேரம், இடம் எல்லாம் அதற்குள் இருக்கும் மத்தியப் போட்டிக் குழுவின் கையில். பத்திரிகைகளில் ‘நாலு சி’ என்றே எழுதுவார்கள், ஆங்கிலப் பெயர் சி எழுத்தில் தொடங்கும் நாலு சொல். லீன்ஸ்டர், மன்ஸ்டர், கொனாக்ட், அல்ஸ்டர் என்று நாலு மாகாணத்துக்கும் தனித்தனிக் குழு உண்டு. மாகாண ஃபைனலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சொந்த மைதானம் சும்மா கிடக்கும்போது இன்னொரு ஊர் மைதானத்தைத் தேடிப் போக எந்தச் சங்கத்துக்குத்தான் மனம் வரும்?

3 ஏப்ரல் 2025

‘மேலிடம் சொன்னால் அப்படியே தலையாட்டுவார்களா’ என்று ஒருவர். ஒரு தரம் ஆட்டவில்லை. ஃபைனல் அல்ல, ஆனால் இடம் பற்றிய சண்டை என்றால் இங்கே எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான்.

2018 ஜூன். லீக்கைவிடப் பெரிய அகில அயர்லாந்துப் போட்டியின் தகுதிச் சுற்று. சீட்டுக் குலுக்கலில் கில்டேர் பெயர் முதலில் வந்தது, எதிரணி மேயோ. முதலில் வந்த பெயருக்குச் சொந்த மைதானம் என்பது விதி. கில்டேரின் மைதானம் நியூபிரிட்ஜில், அப்போது சுமார் 8,200 பேர்தான் கொள்ளும். மேயோ ரசிகர்கள் படை படையாய் வருபவர்கள், முந்தைய இரண்டு ஆண்டும் ஃபைனல் ஆடிய அணி. பாதுகாப்பு போதாது என்று சொல்லி ஆட்டத்தை க்ரோக் பார்க்குக்கு மாற்றினார்கள். அதே நாளில் அங்கே இன்னோர் ஆட்டமும் இருந்தது, இரண்டையும் சேர்த்து ஒரே டிக்கெட்.

கில்டேர் மேனேஜர் கியான் ஓ’நீல் டி.வி. செய்தியில் உட்கார்ந்து, சனிக்கிழமை நாங்கள் நியூபிரிட்ஜில்தான் இருப்போம் என்று சொல்லிவிட்டார். வராவிட்டால் ஆட்டம் மேயோவுக்குத்தான் என்று மேலிடம் மிரட்டியது. ‘நியூபிரிட்ஜ், இல்லையென்றால் எங்கும் இல்லை’ என்ற கோஷம் நாடு முழுக்கப் பரவியது. கில்டேரை அதுவரை சீண்டாத கவுண்டிக்காரர்களெல்லாம் கில்டேர் பக்கம் நின்றார்கள். ஓரிரு நாளில் மேலிடம் இறங்கி வந்தது. 30 ஜூன், சனிக்கிழமை இரவு, நியூபிரிட்ஜ். கில்டேர் 0-21, மேயோ 0-19. (முதல் எண் கோல், இரண்டாவது பாயிண்ட்.)

எங்கள் பக்கத்துக் கடைக்காரர் அந்தக் கோஷம் அச்சடித்த சட்டையைத் தோய்த்துத் தோய்த்து எழுத்தே போய்விட்டது, இன்னும் போடுகிறார்.

இதிலிருந்து எனக்குத் தோன்றியது: இடம் முன்னாலேயே தெரிந்திருந்தால் யாரும் அவ்வளவாகச் சண்டை போடுவதில்லை. யார் மோதுகிறார்கள் என்று தெரிந்த பிறகு மாற்றுவதுதான் எரிச்சல். லீக் ஃபைனலுக்கும் அப்படிச் செய்யலாம். சீசன் தொடங்கும் முன்பே நாலு ஊரை அறிவித்துவிட வேண்டியது.

3 ஏப்ரல் 2025, இரவு

மேலே உள்ள 8,200 அப்போதைய கணக்கு. நியூபிரிட்ஜ் மைதானத்தை இடித்துக் கட்டி 2024-இல் திறந்துவிட்டார்கள். இப்போது பெரிது.

5 ஏப்ரல் 2025

வேலையிடத்தில் லீட்ரிம் கவுண்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். சிறிய ஃபைனல் சிறிய மைதானத்தில் என்ற என் தீர்ப்பை மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார்.

லீட்ரிம் அயர்லாந்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டி. 2022 கணக்கெடுப்பில் 35,000 சொச்சம். மொத்தக் கவுண்டியையும் க்ரோக் பார்க்கில் உட்கார வைத்தாலும் பாதி நிறையாது. அகில அயர்லாந்துக் கோப்பையை ஒரு தடவைகூட வென்றதில்லை. 2019-இல் நாலாம் டிவிஷனில் இரண்டாவதாக வந்து மேலே ஏறினார்கள், ஃபைனலில் டெர்ரியோடு ஆட க்ரோக் பார்க்குக்கு வந்தார்கள். அன்றைக்கு லீட்ரிமில் பால் கறக்க ஆளில்லை என்று சொல்லிச் சிரித்தார் மனிதர். பேருந்து பேருந்தாகக் கிளம்பி வந்திருக்கிறார்கள். அவருடைய அப்பா, பெரியப்பா, பெரியப்பாவின் பேரன் எல்லோரும் ஒரே வரிசையில். ஆட்டத்தில் டெர்ரி ஜெயித்தது. அதை அவர் கடைசியில், போகிற போக்கில்தான் சொன்னார்.

“கெர்ரிக்காரன் வருஷா வருஷம் அங்கே போவான். எங்கள் பையன்களில் பாதிப் பேருக்கு அந்தப் புல்லை மிதிக்க வாழ்க்கையில் கிடைத்ததே அந்த ஒரு நாள்தான். அதையும் பிடுங்கி லாங்ஃபோர்டில் வைக்கச் சொல்கிறாயா?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கை எண்ணிக்கையைப் பார்த்து நான் பேசினேன். ஆடுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கே வேறு. சம்பளம் வாங்காமல் ஜனவரி மழையில் இரவுப் பயிற்சி எடுப்பவனுக்கு, க்ரோக் பார்க்கின் ஹோகன் ஸ்டாண்ட் படியேறிக் கோப்பை வாங்குவதுதான் கூலி என்றால் அதில் கைவைக்க நாம் யார்?

6 ஏப்ரல் 2025

இல்லை, அதற்காக முழுசாகக் கட்சி மாறிவிடவில்லை. யோசிக்கிறேன்.

21 ஏப்ரல் 2025

சனிக்கிழமை கார்க்–கெர்ரி மன்ஸ்டர் அரையிறுதி பார்த்தீர்களா? கார்க் நகரில், பார்க் ஈ கீவ் மைதானத்தில். கூடுதல் நேரம் வரை போய் கெர்ரி தப்பித்தது.

இந்த இரண்டு கவுண்டிக்கும் இடையே பொதுவான ஊர் தேடும் வழக்கமே கிடையாது. ஒரு தடவை கார்க், அடுத்த தடவை கெர்ரியின் கில்லார்னி. பெண் வீட்டில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில் வரவேற்பு என்று பேசி முடித்த சம்பந்திகள் மாதிரி காலங்காலமாக ஓடுகிறது. ஃபைனல் என்றாலும் அதே ஏற்பாடுதான். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் எந்த மதுக்கடையில் நிற்பது, எந்தச் சந்தில் காரை விடுவது என்பது அத்துப்படி.

கில்லார்னி மைதானத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1936-இல் திறந்தது. கெர்ரிக்கு 1913, 1914 கோப்பைகளை வாங்கித் தந்த கேப்டன் டிக் ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயர். சரிவான நிலத்தை மண்வெட்டியால் வெட்டிச் சமப்படுத்தியதில் பக்கத்து மனநல மருத்துவமனை நோயாளிகளின் உழைப்பு நிறைய இருக்கிறது. ஒரு பக்கம் உட்கார்ந்தால் எதிரே மலைகள். சுமார் 38,000 பேர் கொள்ளும். அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுதான் தம் முறை வரும் என்பதால் ஊரே அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்துக் கிடக்கும்.

சொந்த ஊரில் ஆடினால் ஜெயம் உறுதி என்றும் இல்லை. ஆனால் எதிரி ஊரில் தோற்பதற்கு உதாரணமும் உண்டு. 2020 நவம்பரில் கொரோனாவால் ஒரு ஈ காக்கை இல்லாத பார்க் ஈ கீவில், கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் கார்க்கின் மார்க் கீன் பந்தை வலைக்குள் தள்ளி கெர்ரியை வெளியே அனுப்பினார். ஆளில்லாத மைதானத்தில் கார்க் பையன்கள் போட்ட கூச்சல் டி.வி.யில் அப்படியே கேட்டது.

28 ஏப்ரல் 2025

நேற்று போர்ட்லீஷில் டப்ளினை மீத் தோற்கடித்துவிட்டது. லீன்ஸ்டர் அரையிறுதி. 2011 முதல் 2024 வரை ஒரு வருடம் விடாமல் லீன்ஸ்டர் கோப்பையை டப்ளின் வைத்திருந்தது. வீட்டில் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: இது க்ரோக் பார்க்கில் நடந்திருந்தால்? டப்ளின்காரர்கள் க்ரோக் பார்க் எங்கள் வீடு இல்லை, எங்கள் வீடு பார்னல் பார்க் என்று சாதிப்பார்கள். சட்டப்படி சரி. ஆனால் 2011 முதல் லீக் ஆட்டங்களையே க்ரோக் பார்க்கில் ஆட ஆரம்பித்தார்கள். லீன்ஸ்டர் ஆட்டத்துக்காக டப்ளினை நகரத்துக்கு வெளியே அனுப்பியது 2016-இல், கில்கென்னியின் நோலன் பார்க்கில் லீஷோடு. அதற்கு முன் பத்து ஆண்டு அப்படி நடக்கவில்லை. பத்து ஆண்டு! இதற்கிடையே 2015 முதல் 2020 வரை ஆறு அகில அயர்லாந்துக் கோப்பை தொடர்ந்து.

நான் 3-ஆம் தேதி சொன்ன ‘முன்கூட்டியே இடத்தை அறிவித்துவிடு’ என்பது இங்கே உதவாது. லீன்ஸ்டர் ஃபைனல் க்ரோக் பார்க் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்ததுதான். அறிவித்த இடம் ஒருவனுடைய கொல்லைப்புறமாக இருந்தால் அறிவிப்பால் என்ன பிரயோசனம்?

ஆனால் இந்த வாதத்தையும் ரொம்ப இழுக்க முடியாது. இந்த மண்ணில் அதிகக் கோப்பை தூக்கியது டப்ளின் இல்லை, கெர்ரி. இத்தனைக்கும் கில்லார்னியிலிருந்து 300 கிலோமீட்டர் வரவேண்டும். அகலமான மைதானம், வேகமான புல், நன்றாக ஆடுபவனுக்குத் தோதான இடம் என்று கெர்ரிக்காரர்கள் சொல்வார்கள். நன்றாக ஆடுபவன் யார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் கிடையாது.

12 மே 2025

என்ன ஒரு வார இறுதி. சனிக்கிழமை க்ளோனிஸில் அல்ஸ்டர் ஃபைனல்: டொனெகால் 2-23, ஆர்மா 0-28, கூடுதல் நேரத்துக்குப் பிறகு. கூட்டிப் பாருங்கள், ஒரே ஒரு பாயிண்ட். ஞாயிறு க்ரோக் பார்க்கில் லீன்ஸ்டர் ஃபைனல்: லவுத் 3-14, மீத் 1-18. லவுத்துக்கு 1957-க்குப் பிறகு முதல் மாகாணக் கோப்பை. கூட்டம் 65,000-ஐத் தாண்டியது. டப்ளின் இல்லாத லீன்ஸ்டர் ஃபைனலுக்கு அவ்வளவு பேர். மைதானம் ஏன் காலி என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்துக்கு எவன் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவான்?

க்ளோனிஸ் பற்றிக் கேட்டிருந்தார்கள். மொனகன் கவுண்டியில், வடக்கு எல்லையை ஒட்டிய சின்ன ஊர். ரயில் கிடையாது, நாலு வழிச் சாலை கிடையாது. நான் போனது சில வருடம் முன்பு, நண்பரோடு. ஊருக்கு வெளியே ஒரு வீட்டு வாசலில் பாட்டி பிளாஸ்டிக் வாளியுடன் உட்கார்ந்திருந்தார். அவருடைய புல்வெளியில் காரை நிறுத்த காசை வாளியில் போட வேண்டும். பேத்தி கை காட்டிக் காட்டி ரோஜாச் செடிக்கு ஒரு சாண் விட்டுப் பின்னால் எடுக்கச் சொன்னாள். நகரின் நடுவில் மேட்டிலிருக்கும் சதுக்கத்திலிருந்து மைதானத்துக்கு இறங்கும் தெருவில் இரண்டு கவுண்டி நிறமும் கலந்து நகரும், நாம் நடக்கத் தேவையில்லை, கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும். கழிப்பறை வரிசை மட்டும் ஆயுளுக்கும் மறக்காது.

இந்த ஃபைனலையும் க்ரோக் பார்க்குக்குக் கொண்டுபோனார்கள், 2004 முதல் 2006 வரை. முதல் வருடம் ஆர்மா–டொனெகால், 67,000 பேருக்கு மேல். க்ளோனிஸில் இதில் பாதிகூட உட்கார முடியாது, இப்போது 29,000 அளவில்தான் விடுகிறார்கள். பணக் கணக்கில் க்ரோக் பார்க் அடித்துத் தூக்கியது. ஆனாலும் 2007-இல் க்ளோனிஸுக்கே திரும்பினார்கள். அல்ஸ்டர் ஃபைனலை அல்ஸ்டருக்கு வெளியே ஆடுவது அந்த மாகாணத்துக்காரர்களுக்கு ஒட்டவே இல்லை.

பெல்ஃபாஸ்டின் கேஸ்மென்ட் பார்க் 2013 முதல் பூட்டிக் கிடக்கிறது. 34,500 பேர் கொள்ளும் புது மைதானம் என்றார்கள், 2028 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியையே அங்கே நடத்துவோம் என்றார்கள், 2024 செப்டம்பரில் அதுவும் கைவிடப்பட்டது. புது மைதானம் இன்னும் வரவில்லை. அதுவரை வாளிப் பாட்டிகளுக்கு வருமானம்.

14 மே 2025

‘வெளிநாட்டில் ஃபைனல் வைத்தால்?’ என்று கிண்டலாகக் கேட்டவருக்கு: வைத்திருக்கிறார்கள் ஐயா. 14 செப்டம்பர் 1947, நியூயார்க், போலோ கிரவுண்ட்ஸ். சாதாரண ஃபைனல் இல்லை, அகில அயர்லாந்து ஃபைனலே. கேவன் 2-11, கெர்ரி 2-7.

பெரும்பஞ்சத்தின் மிகக் கொடிய வருடம் 1847. அதன் நூறாம் ஆண்டில், பஞ்சத்தில் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊரில் ஆட வேண்டும் என்று கிளேர் கவுண்டிப் பாதிரியார் மைக்கேல் ஹாமில்டன் முன்னின்று வாதாடினார். நிறையப் பேர் எதிர்த்தும் தீர்மானம் நிறைவேறியது. ஆட்டக்காரர்களில் சிலர் விமானத்தில், சிலர் கப்பலில். போலோ கிரவுண்ட்ஸ் பேஸ்பால் மைதானம், பந்து எறிபவருக்கான மண்மேடு நடுவிலேயே இருந்தது. அதையும் சுற்றி ஓடி ஆடினார்கள். வெயில் வேறு வாட்டியது. வந்தவர்கள் 34,491 பேர், எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

கேவன் அணியின் மிக் ஹிக்கின்ஸ் நியூயார்க்கிலேயே பிறந்தவர். வானொலி வர்ணனை மைக்கேல் ஓ’ஹெஹிர். தொலைபேசி இணைப்புக்கு வாங்கிய நேரம் முடியப்போகிறது, ஆட்டம் முடியவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று நேரலையிலேயே கெஞ்சினார். யாரோ புண்ணியவான் இணைப்பை வெட்டாமல் விட்டார்.

நல்ல கதை. ஆனால் அன்று ஊரில் இருந்த கெர்ரிக்காரனும் கேவன்காரனும் தம் அணி ஆடிய ஃபைனலை ரேடியோப் பெட்டியில்தான் பார்த்தார்கள். மறுபடி அந்தப் பக்கம் ஃபைனல் போகவில்லை.

16 மே 2025

க்ரோக் பார்க்கை விட்டு ஃபைனல் வெளியே போன வேறு சம்பவம் கேட்டவருக்கு, மட்டையால் ஆடும் ஹர்லிங்கில் இரண்டு உண்டு. 1937-இல் க்ரோக் பார்க்கின் கியூசாக் ஸ்டாண்ட் கட்டி முடியாததால் கில்லார்னியில். 1984-இல் சங்கத்தின் நூற்றாண்டு என்று தர்ல்ஸில். கட்டட வேலையும் பிறந்தநாளும்தான் காரணம், கொள்கை முடிவு எதுவும் இல்லை.

9 ஜூன் 2025

பெண்கள் ஆட்டத்தைப் பற்றி இத்தனை பக்கத்தில் ஒரு சொல் இல்லையே என்று என் மகள் கேட்டாள். நியாயம்தான். பெண்கள் கேலிக் கால்பந்துக்குத் தனிச் சங்கம், 1974-இல் தொடங்கியது. ஆண்கள் சங்கத்தோடு இணைக்கும் வேலை இப்போதுதான் நடக்கிறது. சொந்த மைதானம் அவர்களுக்கு இல்லை, கடன் வாங்கித்தான் ஆட வேண்டும். ஃபைனல் க்ரோக் பார்க்குக்கு வந்ததே 1986-இல். 2019 ஃபைனலுக்கு 56,114 பேர் வந்தார்கள்.

கடன் மைதானத்தின் கதி என்ன என்பதற்கு 6 டிசம்பர் 2020. கார்க்–கால்வே அகில அயர்லாந்து அரையிறுதி. முதலில் லிமெரிக் என்றார்கள். லிமெரிக் ஹர்லிங் அணிக்கு அந்த மைதானம் தேவைப்பட்டதால் டப்ளின் பார்னல் பார்க் என்று மாற்றினார்கள். அன்று காலை பார்னல் பார்க் புல் உறைந்து கல்லாகக் கிடந்தது. உடனே க்ரோக் பார்க்குக்கு ஓடு. அங்கேயோ பிற்பகலில் ஆண்கள் அரையிறுதி இருக்கிறது, ஆகவே அரை மணி முன்னதாகத் தொடங்கு. கால்வே பெண்களுக்கு உடம்பைச் சூடேற்றக் கிடைத்தது ஏழு நிமிடம் போல. அரையிறுதிக்கு!

சின்ன அளவில் இதை நானே அனுபவித்தேன். மகளின் 14 வயதுக்குட்பட்டோர் ஃபைனல் ஒன்று, வெள்ளி இரவு ஒன்பதரைக்கு வாட்ஸாப்பில் ‘இடம் மாற்றம்’ என்று வந்தது. புது இடத்தில் கோல் வலை ஒரு பக்கம்தான் கட்டியிருந்தது. இரண்டு அணி அப்பாக்களும் சேர்ந்து மறுபக்கம் ஷூ கயிற்றால் கட்டினோம். பையன்கள் ஃபைனல் பக்கத்திலேயே அறிவித்த மைதானத்தில் அறிவித்த நேரத்தில் நடந்தது. எந்தக் கிளப், எந்தக் குழு என்று கேட்காதீர்கள். நான் அந்த ஊரில் வாழ வேண்டும்.

28 ஜூலை 2025

அகில அயர்லாந்து ஃபைனல்: கெர்ரி 1-26, டொனெகால் 0-19. கெர்ரிக்கு 39-வது கோப்பை.

நேற்றிரவு டி.வி.யில் டப்ளினிலிருந்து வெளியே போகும் சாலையைக் காட்டினார்கள், பச்சையும் மஞ்சளும் கட்டிய கார்கள் வரிசையாக. இரண்டு கவுண்டிக்கும் நிறம் ஒன்றே, எந்தக் கார் தோற்றது என்பது முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். டொனெகாலில் ரயிலே கிடையாது. எல்லாம் சாலைதான். கெர்ரிக்காரர்களுக்காவது ரயில் இருக்கிறது.

நாட்டின் நடுவில் அத்லோனில் ஒரு பெரிய மைதானம் கட்டிவிட்டால் எல்லாருக்கும் சமதூரம் என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார். வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். 80,000 பேருக்கு அங்கே தங்க விடுதி எங்கே, சாப்பாடு எங்கே? ஷானன் ஆற்றுப் பாலத்தில் அன்றைக்கு மாட்டிக்கொள்ளும் டொனெகால்காரன் அடுத்த சீசனுக்குத்தான் வீடு போய்ச் சேருவான். அகில அயர்லாந்து ஃபைனல் க்ரோக் பார்க்கில்தான். அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. 1920-இல் அதே புல்லில் துப்பாக்கிச் சூட்டில் செத்த 14 பேரில் மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரரும் ஒருவர். ஜெயித்த கேப்டன் கோப்பையை வாங்க ஏறுவது அவர் பெயர் வைத்த ஸ்டாண்டின் படி. அதை அத்லோனுக்குப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

18 ஆகஸ்ட் 2025

சனி ஞாயிறு க்ரோக் பார்க்கில் ஒயாசிஸ் கச்சேரி. செப்டம்பர் 28-இல் அமெரிக்கக் கால்பந்து. 2022 முதல் அகில அயர்லாந்து ஃபைனலை ஜூலையிலேயே முடித்துவிடுகிறார்கள். உள்ளூர் கிளப் ஆட்டங்களுக்கு வழி விடத்தான் என்பது விளக்கம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் காலியான ஆகஸ்டில் வாடகை நன்றாக வருகிறது என்பதும் உண்மை.

கோடையில் இப்படி இடமில்லாமல் நெருக்குகிறதே, மார்ச்சில் என்ன செய்யலாம்? என் முடிவைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் நான் சொன்னதைத் தலைகீழாகத் திருப்புங்கள். மூன்றாம், நாலாம் டிவிஷன் ஃபைனல் க்ரோக் பார்க்கிலேயே இருக்கட்டும், 5,000 பேர் வந்தாலும் சரி. லீட்ரிமுக்கும் கார்லோவுக்கும் வாட்டர்ஃபோர்டுக்கும் அந்த ஒரு நாள் இருக்கட்டும். வெளியே அனுப்ப வேண்டியது முதல் டிவிஷன் ஃபைனலை. கெர்ரி, மேயோ, டப்ளின், கால்வே எல்லாம் கோடை முழுக்க அங்கே ஆடப்போகிறவர்கள்தான். ஒன்றிரண்டு வாரத்தில் மாகாணப் போட்டி தொடங்கும் என்பதால் அந்த ஃபைனலுக்குப் பாதி மனசோடுதான் வருகிறார்கள். அதை ஒரு வெளியூர் மைதானத்தில் வைத்துப் பாருங்கள், ஊரும் நிறையும், ஆட்டமும் சூடு பிடிக்கும். டப்ளின் வந்தால் கூட அவர்களும் ஒரு தடவை பஸ் ஏறட்டும்.

டிக்கெட் வருமானம் குறையும் என்பார்கள். பெரிய மைதானத்தைத் திறந்து, பாதியைப் பூட்டி வைத்து, மிச்சத்துக்குக் காவல் போடுவதில் என்ன பெரிய லாபம் வந்துவிடும் என்று அவர்கள்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

20 ஆகஸ்ட் 2025

‘எந்த ஊர், பெயரைச் சொல்லும்’ என்று மிரட்டல். இந்த வருடம் மாதிரி கெர்ரி–மேயோ என்றால் லிமெரிக். இருவருக்கும் டப்ளினைவிடக் கிட்ட, 40,000 பேருக்கு மேல் கொள்ளும்.

இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 30 ஆகஸ்ட் 2014, அகில அயர்லாந்து அரையிறுதி மறு ஆட்டம், இதே கெர்ரி, இதே மேயோ, லிமெரிக் கேலிக் கிரவுண்ட்ஸ். அன்று க்ரோக் பார்க்கை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். மேயோ கொதித்தது. ஆட்டம் என்னவோ அந்தப் பத்தாண்டில் ஆடிய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். மேயோவின் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் ஒருவர் தலையில் ஒருவர் முட்டிக்கொண்டு சரிந்தார்கள். கூடுதல் நேரத்தில் கெர்ரி 3-16, மேயோ 3-13.

மோசமான காரணம், அருமையான இடம். இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம் என்பது என் வாதம்.

21 ஆகஸ்ட் 2025

எங்கள் தெருவில் இருக்கும் மேயோக்காரரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். 1951-க்குப் பிறகு கோப்பையைப் பார்க்காத கவுண்டி, எதையும் தாங்கும் ஆட்கள். குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “நியூயார்க்கில் வேண்டுமானால் வை, வருகிறேன். லிமெரிக் என்றால் டி.வி.யைக்கூடப் போட மாட்டேன்” என்றார். கெர்ரிக்காரர் யாராவது கண்ணில் பட்டால் கேட்டு எழுதுகிறேன்.